புது ஊர், நாலு மாதம், மூன்று வேளை: நல்ல கடையை எப்படிப் பிடிப்பது?

#1 பெட்டிதூக்கி

வணக்கம். வேலை காரணமாக மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிறவன் நான். இந்தத் தடவை வந்திருப்பது ஒரே ஊரும் அல்ல; நாற்பது கிலோமீட்டருக்குள் சிதறிக் கிடக்கும் ஐந்தாறு சின்ன ஊர்கள். ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு ஒரு நாளாவது வேலை இருக்கும். எந்த ஊர் என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு கடைப் பெயரைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள், அடுத்த ஊரில் மறுபடியும் திருதிருவென்று விழிப்பேன். எனக்குக் கடை வேண்டாம், கண்டுபிடிக்கும் வழி வேண்டும்.

முதல் வாரத்திலேயே ஒரு முட்டாள்தனம் செய்தேன். போனில் 4.9 நட்சத்திரம் காட்டிய உணவகத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. திரும்பி வந்து நிதானமாகப் பார்த்தால் மொத்தமே 31 ரிவ்யூ, அதில் பாதி சுவர் ஓவியத்தைப் பற்றி.

உணவகம், பேக்கரி, சமைக்கச் சாமான் வாங்கும் கடை மூன்றுக்கும் உங்கள் வழிகளைச் சொல்லுங்கள்.

#2 வரைபடப்பூனை

31 ரிவ்யூவில் 4.9 என்றால் அது முதலாளியின் சொந்தக்காரர்கள் எண்ணிக்கை. சராசரியை மறந்துவிடுங்கள்.

ரிவ்யூ எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர்தான்: மனம் குளிர்ந்தவர், கொதித்துப் போனவர். ‘பரவாயில்லை’ என்று நினைத்தவர் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார். அதனால்தான் ஐந்து நட்சத்திரத்தில் பெரிய கூட்டமும், ஒன்றில் சின்னக் கூட்டமும், நடுவில் பள்ளமும் இருக்கும். அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் எழுதியதைத்தான் நான் முதலில் படிப்பேன். எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று பிரித்துச் சொல்லியிருப்பார்.

அப்புறம், ‘புதியவை முதலில்’ என்று வரிசையை மாற்றுங்கள். வாடிக்கையாளர்கள் போட்ட படங்களைப் பாருங்கள், கடைக்காரர் போட்டதை அல்ல. தட்டு, மேஜை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், எல்லாம் அதில் தெரியும்.

இன்னும் இரண்டு. ஒன்று, தேடும்போது அந்த ஊர் மொழியில், அந்த ஊர் எழுத்திலேயே ‘பேக்கரி’ என்று போட்டுத் தேடுங்கள். எழுத்துத் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்புச் செயலியிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். ஆங்கிலத்தில் தேடினால் வெளியாட்கள் போகிற கடைகள்தான் முன்னால் வரும். இரண்டு, கூகுள் வரைபடத்தைத் தெரு மட்டத்துக்குப் பெரிதாக்குங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது சின்னக் கடைகளை அது காட்டவே காட்டாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும் திறந்து பாருங்கள். தன்னார்வலர்கள் குறித்து வைத்தது. விளம்பரமும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. அந்த வரைபடத்தில் தேட உதவும் ‘ஓவர்பாஸ் டர்போ’ என்ற தளத்தில் நாற்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் குறிக்கப்பட்ட பேக்கரிகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுக்கலாம்.

#3 சந்தேகப்பிராணி

படங்களையும் நம்பாதீர்கள். 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தான் குடியிருந்த கொட்டகையையே உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற ரிவ்யூ தளத்தில் பதிந்தார். ஷேவிங் நுரையை வைத்தெல்லாம் ‘உணவு’ப் படம் எடுத்துப் போட்டார். நண்பர்கள் ரிவ்யூ எழுதினார்கள். ஒருவருக்கும் ஒரு வாய் சோறு போடாமலேயே அந்தக் கொட்டகை லண்டனின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மேஜை கிடைக்குமா என்று ஜனங்கள் போன் போட்டுக் கெஞ்சினார்கள்.

போலி ரிவ்யூ வாங்குவதையும் விற்பதையும் தடை செய்து அமெரிக்க வணிக ஆணையம் 2024இல் தனி விதியே கொண்டுவர வேண்டியிருந்தது. தொழில் அவ்வளவு பெரிதாகிவிட்டது.

#4 கல்லாப்பெட்டி

பதினோரு வருடம் சின்ன உணவகம் நடத்தி, முழங்கால் போனதால் மூடியவன். உள்ளேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தம்பி பெட்டிதூக்கி, ஒரு கடைக்குள் நுழையும் முன் ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இன்றைக்கு என்னை ஏமாற்றினால் இந்தக் கடைக்கு நஷ்டம் உண்டா? பேருந்து நிலைய வாசல், சுற்றுலா இடத்தின் நுழைவு, நெடுஞ்சாலை ஓரம் போன்ற இடங்களில் இன்று சாப்பிட்டவர் நாளை வரப்போவதில்லை. அவர் கோபித்துக்கொண்டு போனாலும் அடுத்த பேருந்தில் ஐம்பது பேர் வருவார்கள். இரண்டு தெரு உள்ளே தள்ளி, பள்ளிக்கூடம், பட்டறை, ஆஸ்பத்திரி, நீதிமன்றம் பக்கத்தில் இருக்கும் கடையில் அதே முகங்கள் தினமும் வரும். ஒரு நாள் உப்பு அதிகமானால் மறுநாள் கல்லாவில் தெரியும். என் கடையில் தெரிந்தது.

அந்த மாதிரிக் கடைகள் எல்லாம் சுவையாக இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் மோசமாக இருந்தால் நிலைத்திருக்காது. நெடுஞ்சாலைக் கடை மோசமாகவே இருபது வருடம் ஓடும்.

அடுத்தது, உணவுப் பட்டியலின் நீளம். சமையலறை பத்துக்குப் பத்து, பட்டியலில் நூற்றிருபது அயிட்டம் என்றால் என்ன அர்த்தம்? மூன்று அடிப்படைக் குழம்பும் ஒரு பெரிய ஃப்ரீசரும் இருக்கிறது என்று அர்த்தம். இருபது அயிட்டம், அதில் நான்கைக் கரும்பலகையில் அடித்து ‘தீர்ந்துவிட்டது’ என்று எழுதியிருந்தால் தைரியமாக உட்காருங்கள்.

கடைசியாக, பழைய ரிவ்யூ. சமையல்காரர் போய்விட்டால் பலகையில் பெயர் மட்டும் அதே, கடை வேறு. என் கடையில் நடந்தது. பெரிய மாஸ்டர் விலகிய பிறகு எட்டு மாதம் பழைய பெயரை வைத்து ஓட்டினோம். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஆறு மாதத்துக்கு முந்தைய ரிவ்யூவை நான் படிப்பதே இல்லை.

#5 வரைபடப்பூனை

கல்லாப்பெட்டி அண்ணே, அந்தக் கேள்வியைச் சுவரில் எழுதி மாட்டலாம். அதோடு ஒட்டி ஒன்று: ஹார்வர்டின் மைக்கேல் லூக்கா சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும் யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் அவற்றுக்கு இருந்த மதிப்பீட்டையும் ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் தனிக்கடையின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது. ஒரே பெயரில் பல கிளை வைத்திருக்கும் சங்கிலிக் கடைகளுக்கு அந்த விளைவே இல்லை, அவற்றின் சுவை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். அதாவது நட்சத்திரத்தில் விளையாடுவதற்கு அதிகக் காரணம் இருப்பதும் நாம் தேடுகிற சின்னக் கடைகளுக்குத்தான்.

#6 நடராஜாசர்வீஸ்

போனைப் பையில் போட்டுவிட்டு நடங்கள்.

புது ஊருக்குப் போனால் முதல் இரண்டு நாள் நான் எங்கேயும் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன். காலை ஆறு மணிக்கு ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று, இரவு ஒன்பதுக்கு ஒரு சுற்று. காலையில் எந்தக் கடை வாசலில் காய்கறி இறங்குகிறது, எந்தக் கடைக்கு உறைந்த பெட்டிகள் மட்டும் வருகின்றன என்று தெரிந்துவிடும். மதியம் எங்கே சீருடைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். இரவில் எந்தக் கடை பாத்திரம் கழுவுகிறது, எது மிச்சத்தை மூடி வைக்கிறது என்றும் தெரியும், கொஞ்சம் வெட்கம் விட்டு எட்டிப் பார்த்தால்.

ஆட்களிடம் கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘இங்கே நல்ல ஹோட்டல் எது?’ என்று கேட்டால் யாரும் தனக்குப் பிடித்ததைச் சொல்ல மாட்டார். உங்கள் சட்டையைப் பார்த்து, இவருக்கு எது கௌரவமாக இருக்கும் என்று யோசித்து, ஏசி போட்ட கடையைக் காட்டுவார். ‘நீங்கள் கடைசியாக வெளியே சாப்பிட்டது எங்கே?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் ஒன்றுதான் இருக்க முடியும். காய்கறிக்காரரிடம், ‘உங்களிடம் தினமும் எந்த ஹோட்டல்காரர் வாங்குகிறார், பொறுக்கி எடுப்பவர் யார்?’ என்று கேளுங்கள். ஒரு நல்ல கடை கிடைத்துவிட்டால் அங்கே பரிமாறுபவரிடம், லீவு நாளில் அவர் எங்கே சாப்பிடுவார் என்று கேளுங்கள். அந்தச் சங்கிலி அறுவதே இல்லை.

#7 பெட்டிதூக்கி

‘கடைசியாக எங்கே’ கேள்வியை இன்று மதியமே முயன்றேன். கேட்ட நான்கு பேரில் இருவர் ஒரே கடையைச் சொன்னார்கள். மூன்றாமவர் ‘நான் வெளியே சாப்பிடுவதே இல்லை’ என்றார். நான்காமவர் தன் வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டார்.

அந்தக் கடை வாசலில் நல்ல கூட்டம். கூட்டம் இருந்தால் நம்பலாம்தானே?

#8 சந்தேகப்பிராணி

கூடாது. பின்னால் நோபல் வாங்கிய பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி 1992இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதே உதாரணம்தான் வருகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உணவகம். பொதுப்பேச்சில் முதல் கடைக்கு மயிரிழை முன்னிலை. தேர்வு செய்ய வரும் நூறு பேரில் 99 பேருக்கு இரண்டாவதுதான் நல்லது என்று தனிப்பட்ட தகவல் இருக்கிறது. ஆனால் முதலில் வருபவர் மீதமுள்ள அந்த ஒருவர். அவர் முதல் கடைக்குள் போகிறார். அடுத்தவர் யோசிக்கிறார்: ‘அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, என் தகவலும் அவர் தகவலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டது, பொதுப்பேச்சுப்படியே போவோம்.’ மூன்றாமவரும் அப்படியே. நூறு பேரும் சுமாரான கடையில், பக்கத்து நல்ல கடையில் ஈ ஓட்டுகிறார்கள். இத்தனைக்கும் அவர்களில் ஒருவர்கூட முட்டாள் இல்லை.

வரிசை நீளமாக இருக்க இன்னும் காரணங்கள் உண்டு: கல்லாவில் ஒரே ஆள், சமையல் மெதுவு, நேற்று யாரோ வீடியோ போட்டார்.

#9 கல்லாப்பெட்டி

படித்தவர் சொல்வது சரி, ஆனால் அந்த நூறு பேரும் முதல் தடவை வருபவர்கள். மறுநாளும் வருபவர்கள் தகவலை மற்றவரிடம் கடன் வாங்குவதில்லை, நாக்கில் வைத்திருக்கிறார்கள். அதனால் கூட்டத்தை எண்ணாதீர்கள், கூட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். உட்கார்ந்ததும் பட்டியலைப் பார்க்காமல் சொல்பவர்கள் எத்தனை பேர்? பரிமாறுபவர் கேட்காமலேயே யாருக்காவது கொண்டுவந்து வைக்கிறாரா? படம் எடுப்பவர்கள் அதிகமா, சாப்பிடுபவர்கள் அதிகமா?

#10 சந்தேகப்பிராணி

சரி, இதை ஏற்றுக்கொள்கிறேன். அடிக்கடி நடக்காது, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

#11 ரொட்டிப்பித்தி

எல்லோரும் உணவகத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பேக்கரி பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பேக்கரி என்று பலகை வைத்த கடை எல்லாம் மாவு பிசைவதில்லை. பாதி வெந்து உறைந்த நிலையில் பெட்டியில் வருவதை அடுப்பில் சூடேற்றி எடுத்தாலும் வாசம் தெருவைத் தூக்கும். வாசத்தை வைத்து ஏமாறாதீர்கள். பிரான்சில் இந்தப் பிரச்சினை முற்றி 1998இல் சட்டமே போட்டார்கள்: விற்கும் இடத்திலேயே பிசைந்து, உருட்டி, சுட்டால்தான் ‘பூலான்ஜெரி’ (பேக்கரி) என்று பெயர் வைக்கலாம், எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது. மற்ற இடங்களில் நாம்தான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? அலமாரியில் இருக்கும் ரொட்டிகள் அச்சில் வார்த்தது மாதிரி இருந்தால், மேலே கீறிய கோடு எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தால், கை படாத ரொட்டி. கையால் செய்தவை அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரட்டையர் மாதிரி இருக்காது. கடையின் பின்பக்கம் மாவு மூட்டை கிடக்கிறதா என்று பாருங்கள். விடிகாலை நான்கு மணிக்கு விளக்கு எரிகிறதா என்பது அதைவிட நல்ல சாட்சி. நடராஜாசர்வீஸ் ஆறு மணிக்குக் கிளம்புவதை நான்காக்கினால் போதும்.

கேட்க வேண்டிய கேள்வி ‘இது புதுசா?’ என்பதல்ல. உலகத்தில் எந்தக் கடைக்காரரும் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. ‘அடுத்தது எத்தனை மணிக்கு வரும்?’ என்று கேளுங்கள். உள்ளே சுடுகிறவர் நேரம் சொல்வார். வெளியிலிருந்து வாங்குகிறவர் ‘எப்போதும் இருக்கும்’ என்பார்.

முதல் தடவை கேக் வாங்காதீர்கள். சர்க்கரையும் க்ரீமும் பாவங்களை மூடிவிடும். எதுவும் தடவாத, எதுவும் வைக்காத சாதாரண ரொட்டி ஒன்று வாங்கி, பாதியை அன்றும் பாதியை மறுநாளும் சாப்பிட்டுப் பாருங்கள்.

#12 பெட்டிதூக்கி

அக்கா, மறுநாள் வரை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

#13 ரொட்டிப்பித்தி

ஐயோ வேண்டாம். ரொட்டி கெட்டியாவது ஈரம் காய்வதால் மட்டும் அல்ல. மாவுச்சத்து மறுபடி படிகமாக இறுகுவதுதான் பெரிய காரணம், அது ஃப்ரிட்ஜின் குளிரில்தான் வேகமாக நடக்கும். வெளியே துணியில் சுற்றி வையுங்கள், அல்லது துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்துவிட்டால் அந்த இறுக்கம் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஈரக்காற்று உள்ள ஊரில் வெளியே வைத்தால் பூஞ்சை வரும், அங்கே ஃப்ரீசர்தான். சாதாரண ரொட்டியைக் குளிர் அலமாரியில் அடுக்கி வைத்து விற்கும் பேக்கரியை நான் எட்டியும் பார்ப்பதில்லை. (க்ரீம் வைத்தது வேறு விஷயம், அது குளிரில்தான் இருக்க வேண்டும்.)

#14 ரெட்டைவால்களின்_அம்மா

சுவை எல்லாம் சரி, சுத்தத்தை யாரும் சொல்லவில்லையே. எனக்கு இரண்டு குழந்தைகள், சின்னவனுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது. சுவையான இடம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஆஸ்பத்திரி போகாமல் இருந்தால் போதும்.

#15 கல்லாப்பெட்டி

அம்மா, நியாயமான கேள்வி. சில இடங்களில் அரசே மதிப்பெண் போடுகிறது. நியூயார்க்கில் 2010இலிருந்து வாசலில் ஏ, பி, சி என்று எழுத்து ஒட்ட வேண்டும். பிரிட்டனில், ஸ்காட்லாந்து தவிர, பூஜ்யம் முதல் ஐந்து வரை சுகாதார மதிப்பெண் உண்டு. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதை ஒட்டியே தீர வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. அங்கே ஒட்டாத கடையைப் பார்த்தால் ஏன் ஒட்டவில்லை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அரசு மதிப்பெண் இல்லாத இடத்தில் மூக்குதான். பொரிக்கும் எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல், அடுப்பைக் கூட்டும் முன்பே புகைந்தால் அது பல தடவை கொதித்த எண்ணெய். பரப்பி வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் இடங்களில் ஆவி வருகிறதா என்று பாருங்கள். சூடானது 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ், சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வெதுவெதுப்பாகக் காத்திருக்கும் உணவுதான் ஆபத்து. சாப்பாட்டு நேரம் தொடங்கி அரை மணிக்குள் போங்கள்.

ஒவ்வாமைக்கு ‘இதில் கடலை இருக்கிறதா?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘கடலை போட்டதை வதக்கும் சட்டியிலேயே இதையும் வதக்குவீர்களா?’ என்று கேளுங்கள். ‘தெரியாது, உள்ளே கேட்டு வருகிறேன்’ என்று எழுந்து போகிறவர் கடையில் சாப்பிடலாம். யோசிக்காமல் ‘ஒன்றும் ஆகாது’ என்பவர் கடையிலிருந்து எழுந்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து 14 வகை ஒவ்வாமைப் பொருட்கள் பற்றி உணவகம் தகவல் தந்தே ஆக வேண்டும். அங்கேயும் சட்டிக் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.

#16 வழிப்போக்கன்

இதற்கெல்லாம் இத்தனை ஆராய்ச்சியா? உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் புத்தகத்தைப் பாருங்கள், முடிந்தது.

#17 சந்தேகப்பிராணி

டயர் கம்பெனி 1900இல் கார் வைத்திருந்தவர்களுக்காகப் போட்ட புத்தகம் அது, வண்டி அதிகம் ஓடினால் டயர் தேயும் என்று. நட்சத்திரம் வந்தது 1926இல். மூன்று நட்சத்திரத்துக்கு அர்த்தம், அந்தக் கடைக்காகவே ஒரு பயணம் போகலாம் என்பது. பெட்டிதூக்கிக்கு வேண்டியது செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு.

#18 மீன்கூடை

சாமான் கடையை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்குத் தட்டச்சு வராது.

எந்தக் கடையில் சரக்கு வேகமாக நகர்கிறதோ அதுதான் நல்ல கடை. மேல் தட்டு டப்பாவில் விரலை வைத்துப் பாருங்கள், தூசி ஒட்டினால் வெளியே வாருங்கள். பருப்பு, கொட்டை, எண்ணெய் வகைகளை முதல் தடவை கொஞ்சமாக வாங்கி முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை பொய் சொல்லாது. மீனின் கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. மீன் கடையில் கடல் வாசம் அடிக்கலாம், மீன் நாற்றம் அடிக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல், ‘இன்றைக்கு அதை எடுக்காதீர்கள், சரியில்லை’ என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அந்த ஊரை விட்டுப் போகும்வரை அவரிடமே வாங்குங்கள்.

#19 வரைபடப்பூனை

வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிடுபவர்களுக்கு ஒன்று: செயலியில் கடையின் முகவரியைத் தட்டிப் பாருங்கள். ஒரே முகவரியில் ஆறு பெயரில் ஆறு ‘உணவகம்’ இருந்தால் சமையலறை ஒன்றுதான், பெயர்கள்தான் ஆறு.

அப்புறம் பெட்டிதூக்கி, நான்கு மாதம் இருப்பவர் முதல் மாதம் தினமும் புதுக் கடைக்குப் போகலாம், சில நாள் மோசமாக அமைந்தாலும் பரவாயில்லை. நல்லது கிடைத்தால் மீதி மூன்று மாதம் அதை அனுபவிக்க முடியும். கடைசி வாரத்தில் புதுக் கடை தேடுவதில் பிரயோசனமில்லை. இரண்டு நாளுக்கு வந்தவர் தேடவே கூடாது, யாராவது சொன்ன இடத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

#20 பெட்டிதூக்கி

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஐந்து ஊரிலும் சேர்த்து இருபத்தாறு கடை. திரும்பப் போகத் தோன்றியது ஏழு. அதில் நான்கு, ‘கடைசியாக எங்கே சாப்பிட்டீர்கள்’ கேள்வியால் கிடைத்தவை. இரண்டு, ஒரு பட்டறை வாசலில் நின்று ஆட்கள் மதியம் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பார்த்துப் பின்னாலேயே போனது. வரைபடத்தில் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் உள்ளூர் எழுத்தில் தேடியதால். மொத்தம் பன்னிரண்டு ரிவ்யூ, பாதி புகார், எல்லாப் புகாரும் ‘சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது’ என்பதுதான்.

தோல்வியும் உண்டு. கல்லாப்பெட்டி அண்ணன் சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தினசரி முகங்கள் நிறைந்த கடை ஒன்றைப் பிடித்தேன். சகிக்கவில்லை. விசாரித்தால் வேறு கடைக்கு நடக்க நேரமில்லாததால் வருகிறார்களாம்.

#21 கல்லாப்பெட்டி

ஹா ஹா. பக்கத்தில் போட்டிக் கடை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல மறந்துவிட்டேன். தப்பு என் மேல்தான் தம்பி.

#22 ரொட்டிப்பித்தி

பேக்கரி என்ன ஆயிற்று?

#23 பெட்டிதூக்கி

மூன்று ஊர் தள்ளி ஒன்று அகப்பட்டது அக்கா. ‘அடுத்தது எப்போது’ என்று கேட்டதற்குச் சுவரில் இருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்து, ‘இன்னும் நாற்பது நிமிடம், நிற்பீர்களா?’ என்றார் அந்த அம்மா. நின்றேன். ஆறு வாரமாக வாரம் இரண்டு தடவை போகிறேன்.

நேற்று காசு கொடுக்கும்போது, ‘வியாழக்கிழமை வராதீங்க, அடுப்பு ரிப்பேர், வெளியேயிருந்து வாங்கித்தான் வைப்பேன்’ என்றார்.